லிஃப்டில் மாட்டியவன் நான்

14.8.1996, புதன்

சேகர் எழுதிய கதை வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. தி. நகர் ஜவுளிக் கடை லிஃப்டில் மெக்கானிக் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்ளும் கதை. அந்த மெக்கானிக் நான்தான். போன வருஷம் மாட்டிக்கொண்டதும் நான், அதை மெஸ்ஸில் உட்கார்ந்து அவனிடம் சொன்னதும் நான். நானே அதை எழுதி இதே பத்திரிகைக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“இன்னா சார், உன் ரூம்மேட்டு ரைட்டர் ஆயிட்டாரே!” என்று மெஸ்காரர் அவனுக்கு மட்டும் இன்னொரு ஆம்லெட் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

“மாட்னது நானு, பேரு உனக்கா?” என்றேன்.

“மச்சி, நீ மாட்னே, நான் எழுதினேன். அடுத்த வாட்டியும் நல்லதா பாத்து மாட்டு” என்று சிரித்தான்.

தப்புக் கண்டுபிடிக்கத்தான் அறைக்கு வந்து படித்தேன். நிறையவே இருந்தது. மேலே இருக்க வேண்டிய மோட்டாரை லிஃப்டுக்கு அடியில் வைத்திருக்கிறான், மடையன். நான் எழுதியதில் ஒரு நட்டு, போல்ட்கூட இடம் மாறவில்லை.

அவன் கதையின் கடைசியில், வெளியே கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அந்த மெக்கானிக் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை வாரிக்கொள்கிறான்.

அதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதியதிலும் அது கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். உனக்கு எப்படிடா தெரியும் என்று எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் அழுதேன் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.