ஐந்து விரலும் படாத கை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாவேதான், பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டுமாம், மாலை வகுப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நலமில்லை என்றால் என்ன எழுதுவது என்று கேட்டேன். முதலில் நலம்னு போடுங்க ஐயா, அப்புறம் மெதுவா சொல்லுங்க என்றார். அதனால் நான் நலம், என் முழங்கால் நலம், சமையலறைக் குழாய்கூட இப்போது சொட்டுவதில்லை. உன் அம்மா நலமாக இல்லை.

பதறிப்போய் போனை எடுக்காதே, முதலில் முழுவதும் படி. பக்கவாதம் மறுபடி வரவில்லை. வந்தது வேறு. போன தடவை நீ வந்தபோது, பொழுது போகட்டும் என்று நீ செய்த கிட்டார் ஆப்பை அம்மா போனில் போட்டுவிட்டுப் போனாயே, அதை அவள் எப்படி வாசித்தாள் என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. போனை வயிற்றுமேல் தலையணையில் சாய்த்து இடது கையால் பிடித்துக்கொள்வாள். விழுந்துபோன வலது கையை அதன்மேல் இழுத்து வைப்பாள். கட்டைவிரல் உள்ளே மடங்கித்தான் இருக்கும், மற்ற விரல்களும் நிமிராது. சுண்டுவிரல் பக்கத்துக் கை ஓரத்தாலும் மோதிரவிரல் முட்டியாலும் தடவுவாள். திரையில் கம்பிகள் நெருக்கமாக இருந்ததால் ஓர் இழுப்பில் எல்லாம் பேசும். பேச்சு போனவளுக்கு அதுதான் பேச்சு. தடித்த கம்பியில் ரெண்டு தட்டு தட்டினால், யோவ் இங்கே வா என்று அர்த்தம். நான் மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டும்போது எழுத்துக்கு ஒரு டொய்ங் போடுவாள், தப்பாகப் படித்தால் டொம். எல்லாம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் பேசாமல் போனதால்தானே நான் இந்த வயதில் படிக்கப் போனேன், அந்த நன்றிகூடக் கிடையாது, ஒரே டொம் டொம். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி கொடுக்கிற அம்மாகூட, நான் பிடிச்சு இழுத்தும் வராத விரல் இந்த விளையாட்டுல வருதே என்று சொன்னார்.

அதை நான்தான் கெடுத்தேன் சிட்டு. ஒரு காலையில் போனில் ஒரு கட்டம் வந்து நின்றது. பு, து, ப், பி என்று கூட்டினேன். புதுப்பிக்கவும். யாரும் சொல்லாமல் நானாக முழுதாகப் படித்த பெரிய வார்த்தை அது. படிச்சிட்டேன் பாரு என்று அவளிடம் காட்டி, அந்தச் சந்தோஷத்திலேயே அமுக்கிவிட்டேன். பழைய கம்பிகள் போய்விட்டன. ஒரு கைப் படம் வந்தது, ஐந்து விரலையும் விரித்து வைக்கவும் என்றது. அவள் வைத்தாள். விரல்கள் தெரியவில்லை, மீண்டும் வைக்கவும் என்றது. இடது கையை வைக்கலாமென்றால் போனைப் பிடிக்க அது வேண்டும், அதோடு வலது கைக்குத்தானே வாசிப்பு. திரும்பத் திரும்ப வைத்தாள், அதுவும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. நான் என் கையை வைத்தேன். பேக்கரியில் மாவு பிசைந்த கை, ரொட்டித் தட்டு மாதிரி இருக்கும், கம்பிகள் எனக்கு ஏற்ற மாதிரி அகலமாக வந்து நின்றன, அவளுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு அவருடைய சின்னக் கையை வைக்கச் சொன்னேன். கம்பி நெருங்கி வந்தது. ஆனால் அம்மா தடவினால் சத்தமே இல்லை. நான் விரல் நுனியால் தொட்டால் பேசுகிறது, அவள் கை ஓரத்தால் தொட்டால் ஊமை.

அது ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டபோது நீயே சொன்னாய். இனிமே கை ஓரம் தெரியாம பட்டாலும் சத்தம் வராதுப்பா, நான்தான் அதைச் செஞ்சேன், பெரிய கை, சின்னக் கை, விரலால மீட்டுறவங்க, சும்மா தடவுறவங்க, யாருக்கும் பொருந்தும், ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா படுத்தபடியே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உன் சந்தோஷத்தில் கை வைக்கக் கூடாதாம். நான் அசடு மாதிரி, நல்லா இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். தையல்காரம்மா போனில் வெளியே போய்ப் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதினால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொள்ளலாம்.

போன் கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். பெரியவரே, புதுசு வந்துடுச்சுன்னா பழசை நான் கொண்டுவர முடியாது, செஞ்சவங்களைத்தான் கேட்கணும் என்றார். செஞ்சது என் பொண்ணு என்றேன். சரி சரி, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றார். அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கஞ்சியை ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். விரல்கள் உள்ளே இறுகிக்கொண்டே வருகின்றன, நகம் உள்ளங்கையில் பதிந்து சிவந்திருக்கிறது, ஒரு துணியைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன். இப்படியே விட்டா கை மூடிக்கும், அப்புறம் திறக்கிறது ரொம்பக் கஷ்டம் என்று பயிற்சி அம்மா வாசலில் வைத்துச் சொன்னார். வீட்டில் சத்தமே இல்லை சிட்டு. நான் வேண்டுமென்றே தப்பாகப் படித்துப் பார்க்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் வேலையைக் குறை சொல்லவில்லை. ஊரில் இருக்கிற கைகளையெல்லாம் அளந்திருப்பாய், இந்தக் கையை மட்டும் உன்னிடம் யாரும் காட்டவில்லை. நான் காட்டுகிறேன். இன்று மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் துணியை எடுத்துவிட்டு, கையை மெல்லத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எந்த இடத்தால் தொடுவாள் என்று ஓரத்திலும் முட்டியிலும் புள்ளி வைத்திருக்கிறேன். தையல்காரம்மா தன் அளவு நாடாவை அதன் பக்கத்தில் வைத்து, இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் போனில் படம் எடுத்து உனக்கு இன்றே அனுப்புவார், அளவு தப்பாது. மணிக்கட்டுப் பக்கம் கோடு பாதியில் நிற்கும், அது என் தவறு இல்லை. அங்கே வரும்போது விழித்துக்கொண்டாள், என்னை ஒரு முறை முறைத்தாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இழுத்தாள் சிட்டு, அந்தக் கையைத்தான். உள்ளே இன்னும் கோபம் இருக்கிறது. அது தீர்வதற்குள் ஏதாவது செய். பழையதைக் கொடு, இல்லை புதிதாகச் செய், எனக்கு எப்படி என்று தெரியாது, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை வளைத்தே உட்காராதே. நீ நூறாண்டு குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நானும், வாய் திறக்காமல் அவளும் உன்னை வாழ்த்துகிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், டொம் போட ஆள் இல்லை. மறந்துவிடாதே, அவளிடம் ஐந்து விரலையும் கேட்காதே.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா