விரிகுடாவின் நாலாவது பக்கம்

கல்முனைக்குடி
20.07.2024

அன்பு மகள் ஹிமாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கலியாணம் முடிந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று, சுவரில் நான் மாட்டியிருந்த வங்காள விரிகுடாப் படத்துக்கு முன்னால் நின்று நீ ஒரு கேள்வி கேட்டாய். "மேற்கில நாமளும் இந்தியாவும், வடக்கில வங்காளம், கிழக்கில பர்மாவும் அந்தமானும். மூணு பக்கம் கரை சரி. நாலாவது பக்கம் எங்க மாமி?" றிபாத் குறுக்கே வந்து, "உம்மாட வாயக் கிளறாத, பாடம் தொடங்கினா புரியாணி ஆறிப்போகும்" என்று உன்னை இழுத்துக்கொண்டு போனான். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

உனக்குக் கோல் எடுத்தால் கட் பண்ணுகிறாய். அதனால்தான் கடிதம். நிப்றாஸ் மருமகன் தினமும் அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போகிறவர்தானே, உன் கையில் தருவார்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை வாழைச்சேனையிலிருந்து றிபாத்தும் இன்னும் மூன்று பேரும் மீனுக்குப் போன படகு. "எஞ்சின் நின்டுட்டு, காத்துப் பலம்" என்று பக்கத்துப் படகு முகைதீன்பாவாவுக்கு வயர்லெஸில் றிபாத் சொன்னதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மகள், சத்தம் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த மாதங்களில் நம் கிழக்குக் கரைக்கு வெளியே கடல் நேராக ஓடுவதில்லை. தெற்கே இலங்கையைச் சுற்றி வரும் நீரோட்டம் வடக்கே வளைந்து ஏறும். அந்த வளைவுக்குள்ளே ஒரு பெரிய சுழற்சி உண்டு, மணிக்கூடு சுற்றுவதற்கு எதிர்த் திசையில். சுழலில் விழுகிற ஓலை கரைப் பக்கமும் வந்துதானே போக வேண்டும்?

ஒரு பெரிய பீங்கானில் தண்ணீர் ஊற்று. ஒரு நெல் உமியை மிதக்கவிட்டு, விரலால் தண்ணீரைச் சுற்றிவிட்டுக் கையை எடு. உமி எங்கே போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

சாப்பிடு மகள். உன் உம்மாவுக்கு என் ஸலாம்.

துஆவுடன்,
உன் மாமி ஹாஜறா

---

அக்கரைப்பற்று
23.07.2024

அன்பான மாமிக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம்.

கோபிக்க வேண்டாம். போனை எடுக்காதது உங்களில் வெறுப்பினால் இல்லை. நான் உங்களுடன் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் எடுத்தால் பிஸி என்று வருமே! "அது கோல் வெயிட்டிங்கில வரும்" என்று நிப்றாஸ் மச்சான் சொல்கிறார். கப்பலிலிருந்தோ வேறு நாட்டுக் காவல் நிலையத்திலிருந்தோ எடுத்தால் அப்படி வருமா? ஒரு முறைதான் எடுக்க விடுவார்கள். அந்த ஒரு முறை லைன் சும்மா கிடக்க வேண்டும். உம்மாவுக்கும் நான் போனைக் கொடுப்பதில்லை. "என்னகா, போனுக்குக் காவல் நிக்கிறியா?" என்று ஏசுகிறா. ஓம், காவல்தான்.

மாமி, உமியை மிதக்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சுற்றியது, பிறகு விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப நடுவில் வைத்தேன், திரும்பவும் விளிம்புக்குத்தான் போனது! உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சோறு தின்றேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மரைக்கார்மார் இரண்டு பேர் வந்தார்கள். படகில் போன மற்ற மூன்று பேருடைய வீட்டிலும் மையித்து இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். தொழுதால் அன்றிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் நான் வெள்ளை உடுத்து இத்தா இருக்க வேண்டும். என் வாயால் ஓம் என்று சொல்லாமல் றிபாத்துடைய பெயரைச் சேர்க்க மாட்டார்களாம். "என்ட மாமி புவியியல் டீச்சர், அவ சொல்லட்டும்" என்று அனுப்பிவிட்டேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் அதுதான் எனக்கு.

உங்கள் மருமகள்
ஹிமாயா

---

கல்முனைக்குடி
05.08.2024

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அதிக நாள் இருந்துவிட்டேன். உமி கரைக்கு வந்த செய்தியை வாசித்ததும் என் பழைய படங்களை எல்லாம் கட்டிலில் விரித்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் படுக்க இடமில்லை.

இந்த விரிகுடா எவ்வளவு பெரியது என்று சொன்னால் நீ பயப்படக் கூடாது. உலகத்திலேயே இதைவிடப் பெரிய விரிகுடா இல்லை. நம் கல்முனைக் கரையில் கடலடித் தரை கொஞ்சத் தூரம்தான் படிக்கட்டுப் போல இருக்கும், பிறகு சட்டென்று கீழே போய்விடும். அதற்கப்பால் மூவாயிரம் மீற்றர், அதற்கும் மேல். அந்த ஆழத்தின் தரையில் கிடப்பது நம் மண் இல்லை. இமயமலையின் சேறு. கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அது விசிறி போல விரிந்து நம் நாட்டையும் தாண்டித் தெற்கே போய்க் கிடக்கிறது. காட்டிலிருந்து நடந்தே வீடு சேருவதுபோல, ஒரு மலையே தண்ணீருக்குள்ளால் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மனிதன் வர முடியாதா?

மேலே மிதக்கும் நீரும் அந்த ஆறுகளால் உப்புக் குறைந்தது. குடிக்க மழையும் இருக்கிறது. தின்ன மீன் இருக்கிறது. முன்பு நம் பக்கத்துப் படகுகள் அந்தமானில் போய் ஒதுங்கியதை நீயும் கேட்டிருப்பாய். நான் கணக்குப் போட்டேன், திரும்பத் திரும்பப் போட்டேன். சுழற்சி அவனைக் கொண்டுவரும், இல்லாவிட்டால் கிழக்குத் தீவுகள் பிடிக்கும். இன்ஷா அல்லாஹ் வருவான். மரைக்கார்மாரிடம் இல்லை என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

இரவில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டாம்.

உன் மாமி ஹாஜறா

---

அக்கரைப்பற்று
19.08.2024

அன்பான மாமிக்கு,

நீங்கள் சொன்னபடி மரைக்கார்மாரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "பொறுமையா இரிங்க புள்ள" என்று போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

போன கிழமை நான் தொழுகைக்கு ஒழு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு ஓடினேன். நின்றுவிட்டது. இந்தியா இலக்கம், +91. அந்தமான் இந்தியாதானே மாமி! திரும்பி எடுக்கக் கை வரவில்லை. நான் எடுக்கும் நேரம் அவரும் எடுத்தால்? அப்படியே போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தொழவும் இல்லை. மறுநாள் அதே இலக்கம் வந்தது. எடுத்தேன். ஒரு பொம்பிளைக் குரல், எனக்கு லொத்தரில் பரிசு விழுந்திருக்கிறதாம், பேங்க் இலக்கம் சொல்லட்டாம். நான் அவளிடம் "றிபாத்தைத் தாங்க" என்று சொன்னேன். அவள் ஒருக்கா யோசித்துவிட்டு, "அவரும் இங்கதான் இருக்காரு மேடம்" என்றாள்.

மாமி, அது பொய் என்று தெரிந்தும் நான் போனை வைக்கவில்லை. உம்மா வந்து பறித்துத்தான் வைத்தா.

மற்ற மூன்று வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். செப்டம்பர் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு. மூன்று பெயர் வாசிப்பார்களாம். நாலாவது என் கையில்.

நேற்று உமியைத் திரும்பவும் மிதக்கவிட்டேன். விளிம்பில்தான் ஒட்டியது. ஆனால் எனக்குச் சந்தோசம் வரவில்லை. பீங்கானுக்குச் சுற்றிவர விளிம்பு இருக்கிறது மாமி. நான் அன்றைக்குக் கேட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லுங்கள். நாலாவது பக்கம் எங்கே?

ஹிமாயா

---

அக்கரைப்பற்று
30.08.2024

மாமி,

பதில் இல்லை. நிப்றாஸ் மச்சான் வெறுங்கையோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் உம்மாவுடன் மட்டும் கதைத்துவிட்டுப் போனார்.

தெற்குப் பக்கத்துப் படகொன்று ஏதோ ஒரு துண்டைக் கடலில் எடுத்து வாழைச்சேனைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறதாம். படகு இலக்கம் எழுதியிருக்கிறதாம். துண்டுதானே மாமி? படகு இல்லையே. இலக்கத்தை யாரும் எழுதலாம். நான் போய்ப் பார்க்க மாட்டேன். நீங்கள் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சொல்லுங்கள். பெற்றவ நீங்கள். நீங்கள் இருக்கிறார் என்றால் கிழவியாகும் வரைக்கும் இந்தப் போனோடு இருப்பேன். இல்லை என்றால் இல்லை. மௌலவி சொன்னாலும் மரைக்கார் சொன்னாலும் எனக்குக் காது கேட்காது. உங்களுடைய ஒரு சொல்லுக்குத்தான் இருக்கிறேன்.

ஹிமாயா

---

கல்முனைக்குடி
03.09.2024

என் அன்பு மகள் ஹிமாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நிப்றாஸுடன் வாழைச்சேனைக்குப் போனேன். துறைமுகத்தில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைத்திருந்தார்கள். படகின் அறைக் கூரையில் ஒரு துண்டு, நம் வீட்டுக் கதவில் பாதி அளவு. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. இலக்கம் பச்சைப் பெயின்றில் இருந்தது. அதில் ஓர் எட்டு உண்டு. றிபாத் சின்ன வயதிலிருந்தே எட்டை ஒரே இழுப்பில் எழுத மாட்டான். முட்டைக்கு மேல் முட்டை வைத்ததுபோல இரண்டு வட்டம் போடுவான். அதற்காக நான் அவனுக்கு அடித்தும் இருக்கிறேன். மகள், அது அவனுடைய எட்டு. கையை வைத்துப் பார்த்தேன்.

முகைதீன்பாவா பக்கத்தில் நின்றார். "டீச்சர், கூரை பிஞ்சு வாறதெண்டா படகு முழுசாக் கவுந்து..." என்று தொடங்கி, முடிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டேன். இடத்தைச் சொன்னார். வீட்டுக்கு வந்து சுவர்ப் படத்தில் தேடினேன். படத்தில் அந்த இடம் இல்லை. படம் முடிந்து, சட்டம் தொடங்கி, அதற்கும் கீழே வெறும் சுவரில்தான் விரலை வைக்க வேண்டியிருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

நாலாவது பக்கம் என்று ஒன்று இல்லை. நம் நாட்டின் தென்முனையான தெவிநுவரவிலிருந்து சுமாத்திராவின் நுனிவரை ஒரு கோடு கீறி, விரிகுடா இதோடு முடிகிறது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. அங்கே சுவரில்லை, மணல் இல்லை, ஆழமும் குறையவில்லை. நான் சொன்ன அந்த மலைச் சேறுகூட அந்தக் கோட்டில் நிற்காமல் தாண்டித்தான் போகிறது. மூன்று பக்கம் கையை விரித்துப் பிடிக்கிற கடலுக்கு, ஒரு பக்கம் வாசல் திறந்தே கிடக்கிறது.

உன் பீங்கானுக்குச் சுற்றிவர விளிம்பு என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு அது முதல் நாளே தெரியும். அந்தச் சுழற்சியின் நடுவில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறும். ஏறுகிற நீர் மேலே கிடக்கிறதை வெளியே தள்ளும். பருப்புச் சட்டி கொதிக்கும்போது நுரை ஓரத்துக்கு ஒதுங்குவதில்லையா, அதுபோல. அதோடு கச்சான் நம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் இல்லாத படகை அது உள்ளே கொண்டுவராது, வெளியேதான் கொண்டுபோகும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்து, பரீட்சையில் கேள்வியாகவும் போட்டவள் நான். உனக்கு எழுதும்போது மட்டும் படத்தின் ஒரு பாதியைக் கையால் மூடிக்கொண்டேன். உனக்குக் காட்டக் கூடாது என்று மட்டுமில்லை மகள். நீ "மாமி சொல்லட்டும்" என்று இருந்ததால், நான் சொல்லாத வரைக்கும் அவன் இருந்தான்.

அதற்காக நீ ஒரு போனைப் பிடித்துக்கொண்டு காய்ந்துபோக நான் விட்டிருக்கக் கூடாது. லொத்தர்க்காரியிடம் அவனைக் கேட்டாய் என்று வாசித்த பிறகு எனக்குப் பேனை பிடிக்கக் கை வரவில்லை. அதுதான் பதில் இல்லாமல் போனது.

நீ கேட்ட ஒரு சொல்லை இப்போது எழுதுகிறேன். றிபாத் மௌத்தாகிவிட்டான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் பெற்ற பிள்ளை, நானே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நாலு பெயரும் வாசிக்கட்டும். நீ ஓம் என்று சொல். வெள்ளைச் சேலையை யாரும் உனக்குக் கொண்டுவர வேண்டாம், நான் கொண்டுவருகிறேன். என் மகளின் வீட்டில் எனக்கு ஒரு கட்டில்தான். இத்தா முடியும்வரை உன் வீட்டில் உன் பக்கத்தில் ஒரு பாய் போதும். உன் உம்மா சம்மதித்தால் அதற்குப் பிறகும் இருக்கிறேன். மகன் கலியாணம் முடித்துப் போன வீட்டில் மாமியார் வந்து கிடந்தால் ஊர் கதைக்கும். கதைக்கட்டும்.

இதை நிப்றாஸ் உன் கையில் தரும்போது நான் இங்கே என் போனுக்கு முன்னால் இருப்பேன். வேறு யாருக்கும் எடுக்க மாட்டேன், யார் எடுத்தாலும் கதைக்க மாட்டேன். என் லைன் சும்மாதான் கிடக்கும்.

வாசித்து முடித்ததும் உன் போனை எடுத்து எனக்கு ஒரு கோல் எடு, மகள்.

உன் மாமி
ஹாஜறா