பாப்பா வெளுத்த ஆறாம் மாதம்

மகாராணிக்கு,

உண்மையின் விலை அறுநூறு. பாதிக்குக் கேட்டுப் பார்த்தேன். "அண்ணே, இது லேப், துணிக்கடை இல்ல" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

உனக்குச் சொல்லாமல் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தேன். நேற்று முடிவு வந்தது. உன் ரத்தத்தில் இருக்கும் அதே குறை எனக்கும் இருக்கிறது.

பிறந்தபோது சிவப்பாக இருந்த பாப்பா, உன் அம்மா வீட்டில் ஆறு மாதம் இருந்துதான் வெளுத்துப்போனாள் என்று ஊரெல்லாம் சொன்னேன் அல்லவா? அதற்காக டாக்டரம்மா நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துல இருக்கும்போது ரத்தச் சிவப்பை ஒரு மரபணு பார்த்துக்கும். பொறந்து ஆறு மாசத்துக்குள்ள அது ஒதுங்கி, இன்னொண்ணு பொறுப்பேத்துக்கும். பாப்பாவுக்கு அந்த ரெண்டாவதுதான் பழுது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் கொடுத்தாதான் இந்தச் சோகை வரும். மாமியார் வீட்டுச் சாப்பாட்டுல வராது சார்."

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. பாப்பாவுக்கு ரத்தம் ஏற்றக் கூட்டிப்போகிறேன். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல்.

மதியம் உன் அண்ணன் உன்னைக் கூட்டிப்போக வருகிறார். நீ பெட்டி கட்டியதையும் பார்த்தேன். முதலில் இதை அவருக்கு வாசித்துக் காட்டு. அப்புறமும் போவதானால் தடுக்க மாட்டேன். மூன்று மணிக்குத் திரும்புவோம், பாப்பா உன்னைத் தேடுவாள். நானும்தான்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) கேட்க வேண்டிய மன்னிப்பு: உன் அம்மாவிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று. உன்னிடம் எத்தனை என்று நீயே எழுதிக்கொள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.