ஒரு ராத்திரிக் குளிர்

ஜூலை 4

அன்பு மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். என் அக்கா மகள் வேறு எப்படி இருப்பாள்? போனில் பேசினால் "சரி மாமா, வேலை இருக்கு" என்று பாதியிலேயே கத்தரித்துவிடுகிறாய். கடிதத்தைக் கத்தரிக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

கடை சக்கைப்போடு போடுகிறது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்றால் இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. போன வாரம் ஐஸ்கிரீம் கடையில் ஒரு கம்ப்ரசர் செத்துக் கிடந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, யார் வந்திருக்கிறார் என்று தெரிந்து, அது உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. கடைக்காரரே சாட்சி.

விஷயம் இதுதான். நம் சிட்டுவின் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போடப்போகிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு டீச்சர் விளக்கினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினேன். என்னைப் பார்த்து மற்ற அப்பாக்களும் ஆட்டினார்கள். அதனால் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தடுப்பூசிப் பிரிவில் நர்ஸாக இருப்பவள் நீ (சில இடங்களில் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே), நீயே சொல். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம்? பையன்களுக்கும் உண்டாமே, அவர்களுக்கு எதற்கு? மருந்தை எத்தனை டிகிரியில் வைப்பீர்கள்?

அப்புறம் ஒன்று. டீச்சர் கருப்பை வாய் என்று ஏதோ சொன்னார். உன் அத்தைக்கு வந்தது அதுதானா?

உன் மாமா

ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்ததில் எனக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கம்ப்ரசருக்கு என் வணக்கம்.

அவசரம் இல்லை மாமா, முன்யோசனை. இது பெரியவர்களான பிறகு, ஒருவரோடு ஒருவர் நெருங்கும்போது தொற்றுகிற வைரஸ். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எப்போதாவது வந்து, தானே போய்விடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாக மாறும்; பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பை வாயில். அது வருவதற்கு முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பலன். பையன்களுக்கும் அதே வைரஸ்தான். அவர்களுக்கும் தொண்டையில், வேறு இடங்களில் புற்று வரலாம். தாங்களும் தப்பிப்பார்கள், அடுத்தவருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அது அங்கே உள்ள நர்ஸின் கவலை. நீங்கள் கை வைக்காதீர்கள்.

ஆமாம் மாமா. அத்தைக்கு வந்தது அதுதான். நீங்கள் எல்லோரிடமும் விஷக்காய்ச்சல் என்று சொன்னீர்கள். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த ஊசி இல்லை. யார் மேலும் தப்பு இல்லை.

சிட்டுவுக்குப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி

ஜூலை 17

என் தங்க மருமகளே,

போட்டுவிடுவதா! நான் செய்ததைக் கேள்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அரசு மருந்தகத்தில்தான் ஊசிமருந்து வந்து இறங்கியிருக்கிறது. நேரே போனேன். அங்கே இருக்கிற ஃப்ரிட்ஜைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய். கதவு ரப்பர் நாக்கு மாதிரி வெளியே தொங்குகிறது. "என் மக உயிரு இதுக்குள்ள இருக்கும்மா, காசே வேணாம், நான் பாக்குறேன்" என்றேன். அந்த நர்ஸம்மா கண்டிப்பானவர். "ரப்பரை மட்டும் மாத்துங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியூர் முகாமுக்குக் கிளம்பிவிட்டார்.

ரப்பர் மாற்றுவது சின்னப் பிள்ளை வேலை. நான் எதற்கு இருக்கிறேன்? இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஐஸ்கிரீம் கடைகளுக்கு நான் செய்கிற வித்தை ஒன்று உண்டு: ஒரு ராத்திரி முழுக்கக் குளிரைக் கூட்டுகிற குமிழைக் கடைசிவரை திருகி, குளிரை ஏற்றி ஊறவிடுவது. அப்புறம் கரண்ட் போனாலும் சரக்கு அசையாது. அதையே செய்தேன். காலையில் திறந்தால், அடடா! மருந்துப் பெட்டிமேல் வெள்ளையாகப் பனி. உள்ளே இருந்த தண்ணீர் பாட்டில் கல். பனியைத் துடைத்து, குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி, பளபளவென்று வைத்துவிட்டு வந்தேன். வாட்ச்மேன் அசந்து நின்றார். உலகத்திலேயே இவ்வளவு குளிர்ந்த ஊசியை எந்தப் பிள்ளையும் போட்டுக்கொண்டிருக்காது.

உன் அத்தைக்குச் செய்ய முடியாததைச் சிட்டுவுக்குச் செய்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி.

உன் மாமா

ஜூலை 20

மாமா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போன் செய்தால் நீங்கள் பேசிப் பேசியே சொல்ல வந்ததை மறக்கடித்துவிடுவீர்கள்.

அந்த மருந்து உறையக் கூடாது. ஒரு தடவை உறைந்தாலே பலன் போய்விடும். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கும், காப்பு இருக்காது. சிட்டு தனக்கு ஒன்றும் வராது என்று நம்பிக்கொண்டு வளருவாள்.

மருந்தகத்துக்குப் போன் செய்து, அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஏன் என்று அந்த நர்ஸ் கேட்டார். ஒருவர் நேரில் வந்து சொல்வார் என்றேன்.

போய்ச் சொல்லுங்கள் மாமா. நடந்ததை மட்டும்.

உங்கள் வாயாடி

ஆகஸ்ட் 14

அன்பு மருமகளுக்கு,

போனேன். வழியெல்லாம் நல்ல நல்ல காரணமாக வந்தது: கரண்ட் சதி, வாட்ச்மேன் கை பட்டது. நர்ஸம்மா முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "குமிழைத் திருகினது நான்தான்" என்றேன்.

"தண்ணி பாட்டில் கல்லாச்சா?"

"ஆச்சும்மா."

அவர் திட்டவில்லை. ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி மேசையில் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் மாவு போலப் படிந்தது; உறைந்து கெட்ட மருந்து அப்படித்தான் படியுமாம். நான் இத்தனை வருஷம் குளிரோடு குடும்பம் நடத்துகிறேன், குளிர் ஒன்றைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஏன் அப்படி என்று கேட்டேன். கோபத்திலும் விளக்கினார், நல்ல மனுஷி.

ஊசி தள்ளிப்போனது. பெற்றோர் கூட்டத்தில் மறுபடியும் முதல் வரிசை. இந்தத் தடவை எழுந்து நின்று, மருந்தை உறையவைத்தது நான்தான் என்று சொன்னேன். "என்னய்யா, குல்ஃபின்னு நெனச்சியா?" என்று ஒருத்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு அம்மா, "பையனுக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் கேள்வி ஓயவே இல்லை; டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

புது மருந்து வந்தது. நர்ஸம்மா குமிழ்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். நேற்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாயிற்று. சிட்டு கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "அம்மாவுக்கு ஏம்ப்பா இத போடல?" என்று கேட்டாள். விஷக்காய்ச்சல் என்று நான் அவளுக்குச் சொன்ன கதையில் புயல் உண்டு, உடைந்த பாலம் உண்டு, அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற நான் உண்டு. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உங்கம்மாவுக்கு வந்தது இந்த நோய்தாம்மா. அப்ப இந்த ஊசி இல்ல" என்றேன்.

அவள் ஊசி போடாத கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

உன் மாமா