ஏர் பிடிப்பவள் என்று எழுதினேன்

1931 ஜனவரி 8, வியாழன்

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தை ருக்குமணியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். என் மனைவி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இனி இரண்டு மாதத்துக்குப் பாடம் நடத்துவது அவள் பாடு. எனக்கு ஜனக்கணக்கு எடுக்கும் வேலை. மலை மேல் வாழவந்தி நாட்டில் நான்கு ஊர்களை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கூலி கிடையாது. மாட்டேன் என்றால் அபராதம் உண்டு. ஏன் நான்? இந்த மேட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால்.

என்னோடு படித்தவர்கள் கீழே தாலுகா கச்சேரியில் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு, வீட்டுச் சுவர்களில் காவியால் போட்ட நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மலையேறி மூன்று வருஷம் ஆயிற்று. சீ.

ஜனவரி 13, செவ்வாய்

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். அதோடு இன்னொன்று: ஆள் சம்பாதிப்பவரா, அண்டி இருப்பவரா? முதல் வீடாக என் வீட்டையே எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற வீடுகளில் தொழில் என்ன என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "வெள்ளாமைதானுங்க. வேற என்னத்தப் பண்றது?"

மிளகு பறித்துக்கொண்டிருந்த காளியண்ணன் மரத்திலிருந்து இறங்கிவந்து எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசியில் என்னைக் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, உங்க தொழிலு உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?"

கேள்வி கேட்பது நான், நீ இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வழியெல்லாம் அவர் மேல் கோபமாக வந்தது. அவர் மேல்தானா?

ஜனவரி 19, திங்கள்

முப்பத்தேழாம் நம்பர் வீடு. உள்ளே கட்டிலில் கருப்பண்ணன் படுத்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன் பலா மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மனைவி பெருமாயி. குழந்தைகள் இல்லை.

"தொழில்?"

"வெவசாயம்னு எழுதுங்க" என்றார் கருப்பண்ணன், கூரையைப் பார்த்தபடி.

எழுதப் போனேன். பெருமாயி வாசற்படியில் நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆரு வெவசாயம்? இவரா? படுத்துக் கெடக்கற மனுசன் எப்படீங்க ஏர் ஓட்டுவாரு?"

"பின்னே யார் ஓட்டுகிறது?"

வாசலுக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நாந்தானுங்க. பொழுது கெளம்பறதுக்கு முந்தி ஓட்டி முடிச்சிருவேன். ஊருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி போயிருவாங்க."

இந்த மலையில் பெண் கலப்பையைத் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. எனக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எழுதட்டுமா?" என்றேன்.

"ஆரு படிப்பாங்க?"

"இங்கே ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். தாள்களைக் கட்டிப் பட்டணத்துக்கு அனுப்பிவிடுவோம். வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது."

கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எழுதுங்க. எங்கியாச்சும் ஒரு எடத்துல நெசம் இருக்கட்டும்."

எழுதினேன். பெருமாயி, முப்பது வயது, சம்பாதிப்பவர், தொழில்: ஏர் பிடித்து விவசாயம். கருப்பண்ணன்: அண்டி இருப்பவர். இத்தனை நாளில் இன்றுதான் இந்தப் பாழாய்ப்போன படிவம் ஒரு வேலைக்கு உதவியது.

ஜனவரி 31, சனி

மலையிறங்கி சேந்தமங்கலம் போய் சூபர்வைசர் அருணாசலத்திடம் தாள்களைக் காட்டினேன். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் முப்பத்தேழில் நின்றார்.

"என்னப்பா சின்னுசாமி இது? பொம்பளை ஏர் புடிக்கறாளா? மேலே படிக்கிறவன் சிரிப்பான்."

"பிடிக்கிறாள் சார். நானே கேட்டு எழுதினேன்."

"புருஷன் உசிரோட இருக்கான்ல? அவன் விவசாயி. அவ அண்டி இருக்கறவ. திருத்து."

"அவர் எழுந்து உட்காரக்கூட முடியாது சார்."

"அவனை உட்கார வைக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா? கட்டத்தை நிரப்பு."

முடியாது என்றேன். சரி, நானே மேலே வந்து விசாரிக்கிறேன் என்றார். வரட்டுமே!

பிப்ரவரி 1, ஞாயிறு

சேந்தமங்கலத்தில் நடந்ததை ருக்குமணியிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ராகி மாவு கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"நம்ம ஊட்டுல எனக்கு என்னன்னு எழுதுனீங்க?"

தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

"ஒரு மாசமா நாப்பது புள்ளைங்களுக்கு நாந்தானே பாடம் சொல்லித் தர்றேன்? என்னன்னு எழுதுனீங்கன்னு கேட்டேன்."

"சம்பளம் இல்லாத வேலையை அதில் எழுத..."

"உங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எழுதச் சம்பளம் குடுக்கறாங்களா?"

களியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் மேல் ஆத்திரப்பட ஒரு காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பிப்ரவரி 2, திங்கள்

முதல் தாளை எடுத்து ருக்குமணியின் கட்டத்தைத் திருத்தினேன். உபாத்தியாயினி. அவளிடம் காட்டவில்லை. காட்ட வெட்கமாயிருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

அருணாசலம் வந்தார். நடந்தா வருவார்? டோலியில். சாமை போரடித்துக்கொண்டிருந்த நாலு ஆட்களைப் பிடித்துக்கொண்டுவந்து அடிவாரத்திலிருந்து தூக்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் தோள்பட்டை தோலுரிந்து கிடந்தது. இறங்கியதும் இவர் முதலில் கேட்டது இளநீர்!

அதற்கப்புறம் செய்த காரியம்தான் — எழுதவே கை கூசுகிறது. முப்பத்தேழாம் நம்பர் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியும் பத்து இருபது பேரும் நிற்கையில், என்னிடமிருந்து அந்தத் தாளை வாங்கி விரித்து உரக்கப் படித்தார்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல பெருமாயின்னு ஒரு பொம்பளை ஏர் ஓட்டறாளாமே? உங்க வாத்தியார் எழுதியிருக்காரு. நெசமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க" என்றார்.

"பார்த்தியா?" என்று என்னிடம் தாளை நீட்டினார் அருணாசலம்.

சட்டத்தில் ரகசியம் என்று இருக்கிறதே சார் என்று கத்தினேன். சிரித்தார். சிரிச்சான் அந்த ஆளு. என் வாயாலதானே அவளுக்கு வாக்குக் குடுத்தேன்? ஒருத்தரும் படிக்க மாட்டாங்கன்னு நாந்தானே சொன்னேன்?

பிப்ரவரி 12, வியாழன்

ஊர்க்கூட்டம். பெருமாயியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நானும் போய் ஓரமாக நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஊர்க்கவுண்டர் கெட்டவரல்ல. தயங்கித் தயங்கித்தான் பேசினார். "கண்ணு, அவங்கவங்க கண்ண மூடிட்டுப் போனது வேற. இப்ப காயிதத்துல ஏறி, பத்துப் பேரு முன்னால படிச்சாச்சு. பொம்பள ஏரத் தொட்டா மழை நின்னு போகும்னு சொல்றாங்க."

"நாலு வருசமாத் தொட்டுட்டுத்தான் இருக்கறேன். மழை பேயலீங்களா?"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"சரி, நான் ஏர கீழ வெச்சர்றேன்" என்றாள். "ஆரு வந்து எனக்கு ஓட்டித் தர்றீங்க? இப்பச் சொல்லுங்க. பேரச் சொல்லுங்க."

பெயர் வரவில்லை. கடைசியில் ஊர்க்கவுண்டர், மழை விழுந்ததும் ஊரே முறை போட்டு ஓட்டித் தரும், மீறி அவள் ஏரைத் தொட்டால் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஒருவரும் அவள் நிலத்தில் கால் வைக்கமாட்டார்கள் என்று தீர்த்தார்.

பிப்ரவரி 14, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். மன்னித்துக்கொள், அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன்.

புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அடிச்சா ஊரு மறந்துருமா? உங்களுக்கு மனசு ஆறும், அவ்வளவுதான். அதுக்கா நான் இன்னொரு தடவ பொய்யாகோணும்?" பிறகு, "போங்க வாத்தியாரே. எனக்கு வேல கெடக்குது" என்றாள்.

உள்ளேயிருந்து கருப்பண்ணனின் இருமல் மட்டும் கேட்டது.

பிப்ரவரி 26, வியாழன்

கடைசிச் சரிபார்ப்பு. வேறு கையெழுத்தில் புதிதாக எழுதிய இரண்டு தாள்களை அருணாசலத்தின் ஆள் கொண்டுவந்தான். முப்பத்தேழு திருத்தப்பட்டிருந்தது. முதல் வீடும் திருத்தப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 17, செவ்வாய்

அந்தப் புதுத் தாள்களில் என் பெயரை யாரோ போட்டு அனுப்பிவிட்டார்கள். என் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. விளக்கம் எழுதினேன். எட்டுப் பக்கம். ருக்குமணி படித்துப் பார்த்து, திட்டியிருந்த மூன்று இடங்களை அடிக்கச் சொன்னாள். இரண்டை அடித்தேன்.

மே 5, செவ்வாய்

மழை. நல்ல மழை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றால் ருக்குமணி வரமாட்டேன் என்கிறாள். பெருமாயிக்கு விதைக்க ஆள் வேண்டுமாம். இவர்கள் எப்போது சிநேகமானார்கள்? எனக்குத் தெரியவே தெரியாது.

மே 9, சனி

நாலு நாள் ஆயிற்று. ஊரெல்லாம் அவரவர் கொல்லையில் ஏர் பூட்டியிருக்கிறார்கள். பெருமாயியின் கொல்லைக்கு ஒருவரும் வரவில்லை. முறை போட்டார்களே, அந்த முறை எங்கே? ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது. போய்க் கேட்டேன். "எங்களுது முடியட்டுமுங்க" என்று ஒருவர். "மாட்டுக்குக் காலு நோவு" என்று ஒருவர். பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

மே 11, திங்கள்

இன்று பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பெருமாயி ஏர் பூட்டினாள்.

ருக்குமணி ஓடிவந்து சொன்னாள். நான் போவதற்குள் ஊர்க்கவுண்டரும் வந்துவிட்டார். கூடவே ஏழெட்டுப் பேர். பெருமாயி மேழியை விடவில்லை. ஊர்க்கவுண்டருக்கும் சண்டை போட மனசில்லை. ஒரு வழி சொன்னார்.

"கருப்பண்ணனக் கட்டலோட தூக்கிட்டு வந்து வரப்புல போடுங்க. ஆம்பள காட்டுல இருந்தா அவன் ஓட்டறதாத்தான் அர்த்தம். இவ ஒத்தாசைக்குப் புடிக்கறான்னு சொல்லிரலாம். ஊரு வாய மூடிக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இதைத்தானே அந்த அருணாசலமும் செய்தார்? பெருமாயியைப் பார்த்தேன். களைத்துப்போயிருந்தாள். "செரி, தூக்கிட்டு வாங்க. நெலம் காயாம இருந்தாப் போதும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

நானும் காளியண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கினோம். வாசலைத் தாண்டியதும் கருப்பண்ணன் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வருஷம். வரப்பில் இறக்கியபின் மெதுவாகத் திறந்து, உழுத சால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கருப்பண்ணா, நீ ஓட்டறதா ஒரு வார்த்த சொல்லு. ஊருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நான் எங்கீங்க ஓட்டறேன்? படுத்துக் கெடக்கறேன்." குரல் கரகரத்தது. ஆனால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "ஓட்டறது எம்பொண்டாட்டி. நாலு வருசமா அவதான் எனக்குச் சோறு போடறா. இத்தன நாளு நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்."

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். காளியண்ணன் மட்டும் போகவில்லை.

பெருமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டை அதட்டினாள். இரண்டு சால் போயிருக்காது, கட்டிலிலிருந்து சத்தம்: "மேக்கால ஆழம் பத்தல. அமுத்திப் புடி!"

"நீ சும்மா கெட" என்றாள் அவள்.

மே 12, செவ்வாய்

இன்று விதைப்பு. ருக்குமணி விடியும்போதே கிளம்பிவிட்டாள். ஊரிலிருந்து யார் வருவார்கள் என்று தெரியாது. காளியண்ணன் மனைவி வருவதாகச் சொன்னாளாம், நம்ப முடியாது. என் விளக்கக் கடிதத்துக்கும் பதில் இன்னும் வரவில்லை.

கட்டில் தூக்கிய இடத்தில் தோள் கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கருப்பண்ணன் சொல்லியனுப்பிய செய்தி வந்தது. இன்றைக்கும் கட்டிலைத் தூக்க வரவேண்டுமாம். விதைக்கிறதைப் பார்க்கவேண்டுமாம்.