மீசை வைத்த வில்லைகள்

சைகோன்,
4 ஜூன் 2016

கடல் நடுவே வீற்றிருக்கும் மார்கரித் அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை காலை, தாவோ தியென் வட்டாரத்தில், எட்மோன் என்னும் பதினைந்து வயது இளைஞனின் மேலுதட்டில் மீசை உதயமாயிற்று. மொரீஸ் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அழுக்கு என்றார். பொறாமை.

அடுத்தது உன் செய்தி. எண்ணெய் மேடையில் கைபேசி கூடாதாமே, அதனால் இதை உங்கள் மேடைக்குச் சாமான் ஏற்றிவரும் சேக் அண்ணன் படகில் அனுப்புகிறேன். வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் உன் பீங்கான் மின்முனையைக் கந்தகம் அரித்துவிடும், கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு பூசினால் தாங்கும் என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதை அரித்தாயே? தாங்கிவிட்டது. சோதித்துப் பார்க்க, மூன்றில் பூசியும் மூன்றில் பூசாமலும் நீ விட்டுப்போன ஆறு மின்முனை வில்லைகளையும் மாமா பட்டறை உலையில் நான்தான் அடுக்கினேன். மாமா கந்தக வாயுவைத் திறந்துவிட்டு ஒரு வாரம் வேகவைத்தார். பூசாத மூன்றும் பொடிப்பொடி. பூசிய மூன்றும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

பூசியவற்றின் முதுகில் ஊசியால் கீறி அடையாளம் வை என்றாய். கீறிக்கொண்டு யார் உட்காருவது? மார்க்கர் பேனாவால் மூன்றுக்கும் மாமாவின் மீசையை வரைந்துவிட்டேன். பூச்சு உன்னுடையது, பேச்சு என்னுடையது. கண்டுபிடிப்பில் பாதிப் பங்காக வுங் டாவ் துறைமுகத்துக் கணவாய்க் கருவாடு வந்து சேரட்டும்.

மீசையுடன்,
எட்மோன்


கடல் மேடை,
9 ஜூன்

அன்புள்ள மீசைக்காரா,

உன் கடிதத்தைப் படித்ததும் இங்கே சமையல்காரரைக் கட்டிப்பிடிக்காத குறை. மறுபடி படித்தேன், தலை சுற்றுகிறது.

பூச்சு கொஞ்சம் தடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. தடித்தால் சூட்டில் உரியும். உரியும்போது மின்முனையையும் பெயர்த்துக்கொண்டு போகும். அப்படியானால் பூசியதுதான் முதலில் சாக வேண்டும். நீ நேர்மாறாக எழுதியிருக்கிறாய். சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா, தெரியவில்லை. எண்ணூறு டிகிரி சூட்டில் பேனா மை நின்றதா? எப்படிடா?

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன் நிற்க வேண்டும். பூச்சு தாங்கியது என்று நான் சொன்னால், இங்கேயே வாயுக் குழாயில் வைத்துப் பார்க்க விடுவார். வைத்த பிறகு உடைந்தால், என்னைக் கடைசிவரை அளவுமானி பார்க்கத்தான் விடுவார்கள். வில்லையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுது, தம்பி. பூச்சைவிட உன் பேச்சு தடிமன் என்று எனக்குத் தெரியும்.

அக்கா,
மார்கரித்


சைகோன்,
13 ஜூன்

அன்புள்ள அக்கா,

கடிதம் கைக்கு வந்ததும் பட்டறைக்கு ஓடினேன். வில்லையைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். எது முதுகு, எது முகம் என்றே தெரியவில்லை.

உலையைத் திறந்த அன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். மாமா இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்று உடைந்திருந்தன, மூன்று முழுசு. அதுவரைக்கும் உண்மை. முழுசானதைப் புரட்டிப் பார்த்தவர், "எங்கடா என் மீசை?" என்றார். மை எரிந்து, எல்லாம் சவரம் செய்த மாதிரி மழமழவென்று கிடந்தன. அடுக்கின வரிசையாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அடுக்கும்போது ஒரு கையில் பான் மீ ரொட்டி இருந்தது, என் ஞாபகம் முழுக்க ரொட்டியில்தான்.

"தெரியலன்னு எழுதிப் போடு" என்றார் மாமா. உட்கார்ந்தேன், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கை வரவில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்று பூசியதைப் பிழைக்க வைத்துவிட்டேன். பூசியதுதான் பிழைத்ததோ, பூசியதுதான் செத்ததோ, எனக்குத் தெரியாது அக்கா. வெள்ளிக்கிழமை தாங்கியது என்று சொல்லிவிடாதே. தம்பி கெடுத்துவிட்டான் என்று சொல். திரும்பி வந்து புதிதாகப் பூசிக் கொடு, விரலில் குத்தினாலும் ஊசியாலேயே கீறுகிறேன். கருவாடு வேண்டாம்.

இன்னொன்று. இன்று காலை சோப்புப் போட்டு முகம் கழுவினேன். என் மீசையும் அதே பேனாதான்.

மழமழ உதட்டுடன்,
எட்மோன்