தம்பியின் காய்ச்சல்

பிப்ரவரி 6

இன்று மூன்று பேர். மூவருக்கும் சிறுவயதிலிருந்தே ஆர்வமாம். ஒருவனுக்கு வணிக மேலாண்மையில், ஒருத்திக்குக் கட்டடக் கலையில். மூன்றாமவனுக்கு எதில் என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "சைக்காலஜி மேடம்" என்றார் அம்மா.

வெளியே பலகையில் தட்டச்சு, நகல், லேமினேஷன். உள்ளே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் நான். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு நோக்கக் கட்டுரை எழுதிக் கொடுப்பவள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி, உங்களை மாற்றிய நிகழ்ச்சி எது - எண்ணூறு சொற்களுக்குள். அவர்கள் வாழ்க்கையில் எதுவும் நிகழ்ந்ததில்லை. ஆகவே நான் நிகழ்த்துகிறேன்.

முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை. யார் வந்தாலும் "நம்பிக்கை வைங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்பார். மத்தது என்பது நான்.

பிப்ரவரி 9

விவரம் இல்லாமல் கட்டுரை நிற்காது. முதல் வருடம் கேட்டுப் பார்த்தேன். "நீங்களே ஏதாவது போடுங்க மேடம்." இப்போது கேட்பதில்லை. போடுகிறேன். வேறெங்கே போவது, என்னிடமிருந்துதான்.

அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். தேதி முடிந்த மீட்டர் அட்டைகளின் பின்பக்கத்தில்தான் நான் எழுதப் பழகினேன். அதை ஒரு நகைக்கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தேன். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது அலமாரி மேல் உட்கார்ந்து சாப்பிட்டதை ஒரு பல் மருத்துவரின் மகளுக்கு. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. இனிப்புப் பெட்டி வந்தது. நம்பிக்கை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அலமாரி மேல் ஏறத் தெரியுமா அந்தப் பெண்ணுக்கு?

பிப்ரவரி 15

முடிவு செய்துவிட்டேன். நீர் நிர்வாகத்தில் முதுகலை. இரண்டு வருடம். இந்தத் தடுப்புக்குப் பின்னால் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்தால் என் முதுகு பிளைவுட் ஆகிவிடும்.

வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். தொலைபேசியில் கேட்டேன், வீட்டிலிருந்து வந்து போகலாமா என்று. "வளாக வாழ்க்கையும் பாடத்திட்டம்தாங்க" என்றார் எழுத்தர். படிப்புக்கு ஆகும் கட்டணத்தைவிட விடுதிக்கு அதிகம். அதில் சமூக வாழ்வு நிதி என்று ஒரு வரி. என் சமூக வாழ்வு இதுவரை இலவசமாக இருந்தது.

விண்ணப்பத்தில் 'தற்போதைய பணி' என்ற இடத்தில் தட்டச்சு என்று போட்டேன். பலகை அப்படித்தானே சொல்கிறது.

பிப்ரவரி 21

ஆறு நாள். என் கட்டுரை வரவில்லை. எழுதுகிற எல்லாம் யாரோ காசு கொடுத்து வாங்கியதுபோல் இருக்கிறது.

பிப்ரவரி 22

எழுதிவிட்டேன். தம்பியின் காய்ச்சல். இதுவரை யாருக்கும் கொடுக்காதது.

எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஆறு. தெருக்குழாயில் சாக்கடை கலந்து வந்த மாதம். டைஃபாய்டு, நாற்பது நாள். அப்பா அதே தெருவில் வீடுவீடாக மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எழுத அட்டையில் கட்டம் இருந்தது. என்ன தண்ணீர் போகிறது என்று எழுதக் கட்டம் இல்லை. அப்பா ஓரத்தில் பென்சிலால் 'நாற்றம்' என்று எழுதி வைத்தார். மேலதிகாரி அழிக்கச் சொன்னார். அழித்தார். தம்பி பிழைத்தான். இடது காது போய்விட்டது.

அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம், ஒரு பொய்கூட இல்லை. அனுப்பும் முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன் - பழக்கமில்லாததால் இருக்கும்.

மார்ச் 18

கிடைத்துவிட்டது.

மார்ச் 19

அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க போய் தங்கணுமா? இங்க இருக்கற பஸ்ஸுக்கு என்ன கேடு?"

தம்பி: "போகட்டும்மா. இவ கட்டில் எனக்கு."

முதல் தவணையை ஏப்ரல் 12க்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். வங்கிக்குப் போனேன். கடன் பிரிவு அதிகாரி படிப்பின் பெயரை இரண்டு முறை வாசித்தார். "தண்ணிய நிர்வாகம் பண்றதுக்கு எதுக்கும்மா படிப்பு? வால்வத் திறந்தா வருது." சொத்துப் பத்திரம் கேட்டார். வாடகை ரசீது காட்டினேன். பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 21

நம்பிக்கையிடம் முன்பணம் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை.

"முன்பணமெல்லாம் பழக்கமில்ல. வேலை வேணா தர்றேன். சீசன் முடியறதுக்குள்ள எட்டுக் கட்டுரை. உருகுற மாதிரி இருந்தா ரெட்டைக் கூலி."

"உருகறதுன்னா?"

"படிச்சா அழணும். நீ நல்லா அழ வைப்பே."

மூன்று வாரம். எட்டு அழுகை.

மார்ச் 27

ஐந்து முடிந்தது. அப்பாவின் கடைசி மாதம் ஒரு மருந்துக்கடை வாரிசுக்குப் போனது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது, கோபித்துக்கொள்ள மாட்டார்.

மார்ச் 29

ஏழாவது ஆள் ஒரு பெண். அவள் அப்பாவுக்கு ஒன்பது தண்ணீர் லாரி. வெளியே நிறுத்தியிருந்த காரில் அந்த லாரிகளின் படமே ஒட்டியிருந்தது. அவளுக்கு டேங்கர் என்று பெயர் வைத்தேன்.

வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு. திறக்கப் போனாள். "வேண்டாம், படிவம் போதும்" என்றேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருத்தெருவாகத் தண்ணீர் விற்கிறவன் வீட்டுப் பெண்ணுக்கு நிர்வாகப் படிப்பு. படிவத்தில் கல்லூரியின் பெயர் பார்த்தேன்: எங்கோ ரயிலில் ஒருநாள் தூரம். எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. காய்ச்சலைக் கொடுத்தேன். தம்பியைத் தங்கையாக்கினேன், காதை அப்படியே விட்டேன். 'நாற்றம்' என்ற சொல்லையும் மாற்றவில்லை, அது நன்றாக இருந்ததால்.

இரட்டைக் கூலி.

ஏப்ரல் 11

கட்டிவிட்டேன். ஒருநாள் முன்னதாக. ரசீதில் சமூக வாழ்வு நிதி தடித்த எழுத்தில்.

மே 4

கடிதம். 'தங்கள் கட்டுரையோடு மிக நெருங்கி ஒத்துப்போகும் மற்றொரு கட்டுரை, இரண்டாம் சுற்று விண்ணப்பங்களில் எமது ஒப்பீட்டு மென்பொருளால் கண்டறியப்பட்டுள்ளது. மே 14 அன்று குழுவின் முன் நேரில் விளக்கம் தரவும். அதுவரை சேர்க்கை நிறுத்திவைக்கப்படுகிறது.'

அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். ஏழாவது கட்டுரை எங்கெல்லாம் போனது என்று கேட்டேன். நம்பிக்கை சாவியை எடுத்தபடி சிரித்தார். "லாரிக்காரர் பொண்ணா? ரெண்டாம் சுற்று திறந்திருந்துச்சு, அங்கயும் ஒண்ணு தட்டிவிட்டேன். நல்ல கட்டுரை, ஒரே இடத்தோட நிறுத்தலாமா? ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். நான் விண்ணப்பித்தது அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரே கட்டுரையை நாலு இடத்துக்கு அனுப்புவது இந்த அலுவலகத்தின் வழக்கம். மூன்று வருடமாக எனக்குத் தெரியும். முட்டாள். முட்டாள்.

மே 5

தம்பியிடம் பாதி சொன்னேன். நம் வீட்டுக் கதையை இன்னொரு பெண் எழுதியிருக்கிறாள் என்று.

"என் காய்ச்சலயா? அடப்பாவி! காய்ச்சலக் கூடவா திருடுவாங்க? சாட்சிக்கு நான் வர்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டு அம்மா பெட்டில இருக்கு. காதையும் கூட்டிட்டு வர்றேன், டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டும்."

கைபேசிக் கடையில் அன்றைக்கே விடுப்பு சொல்லிவிட்டான்.

மே 8

டேங்கர் பேசினாள். எண் எப்படிக் கிடைத்ததென்று கேட்கவில்லை.

"அக்கா, எனக்கும் லெட்டர் வந்திருக்கு. சீட்டும் ரூமும் குடுத்துட்டு இப்ப நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னொரு கட்டுரை யாரோடது? உங்களோடதா?"

"ஆமா."

"அப்ப அந்தக் காய்ச்சல் நெஜமா?"

"ஆமா."

பின்னால் லாரி பின்வாங்கும் சத்தம்.

"நெஜத்த எதுக்கு அக்கா எனக்குக் குடுத்தீங்க? நான் பத்து வயசுலேருந்து லாரில போறேன். எந்தத் தெருவுல எத்தன மணிக்கு அடிதடி வரும்னு தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். அன்னிக்கு எடுத்துட்டு வந்தேன். நீங்க பாக்கவே இல்ல."

நோட்டு.

"இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லு" என்றேன். வாடிக்கையாளரிடம் பேசும் குரலில்.

"சொன்னா உங்களுக்கு?"

நான் வைத்துவிட்டேன்.

மே 9

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது பிப்ரவரியில் போனது. அவளுடையது ஏப்ரலில். ஆஸ்பத்திரிச் சீட்டு, அப்பாவின் பணி அடையாள அட்டை, தம்பி - எல்லாம் என் பக்கம். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அவளுக்கு என்ன, இந்த இடம் போனால் அப்பா இன்னொரு இடம் வாங்கித் தருவார். ஒன்பது லாரி இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு காய்ச்சல்.

இந்த வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவள் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

மே 14

நீள மேசை. மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பேராசிரியை. ஓரத்தில் பிஸ்கட் தட்டு, யாரும் தொடவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எந்த வருடம், எந்த மருத்துவமனை, எத்தனை நாள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. தம்பி கேட்காமலேயே எழுந்து நின்று, "இந்தக் காதுதாங்க மேடம், எதையாவது சொல்லிப் பாருங்க" என்று தலையைச் சாய்த்தான். மூவரும் சங்கடமாகச் சிரித்தார்கள். பேராசிரியை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருகிவிட்டார். ரெட்டைக் கூலி என்று மனதில் ஓடியது.

பிறகு பேராசிரியை சொன்னார்: "அந்தப் பொண்ணு காலைல வந்தா. காசு குடுத்து எழுதி வாங்கினேன்னு ஒத்துக்கிட்டா. யார்கிட்டன்னு கேட்டோம். எவ்வளவோ கேட்டும் சொல்ல மாட்டேன்னுட்டா." என்னையே பார்த்தார். "உங்களுக்கு யாராவது மேல சந்தேகம் இருக்கா?"

அறையில் மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லைங்க மேடம்."

வெளியே வந்ததும் தம்பி முதுகில் தட்டினான். பஸ்ஸில் கேட்டான்: "அந்தப் பொண்ணுக்கு நம்ம வீட்டு விஷயம் எப்படித் தெரிஞ்சுது?"

தெரியல என்றேன்.

மே 16

'சேர்க்கை உறுதி செய்யப்படுகிறது. ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம்.'

மே 17

அம்மா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். யாரிடமும் பேசவில்லை நான். மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 2

வேலையை விட்டேன். எதற்கென்று கேட்டார் நம்பிக்கை. படிக்க என்றேன். "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? உனக்குக் கட்டுரை நாமளே போட்டிருக்கலாமே!"

அவளுடைய எண் இன்னும் கைபேசியில் டேங்கர் என்றே இருக்கிறது. மாற்றலாம் என்று திறந்தேன். அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை. படிவத்தில் இருந்தது, நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஜூலை 15

விடுதி. இரண்டாம் தளம். காப்பாளர் அம்மா பதிவேட்டைத் திருப்பி வைத்து, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். அறைக்கு இரண்டு வரி. முதல் வரியில் நான். இரண்டாவது வரியில் ஒரு பெயர், சிவப்பு மையால் அடித்திருந்தது. ஒரே கோடு. கீழே எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

"அது கேன்சல்மா. ஏதோ கட்டுரைல காப்பியாம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வெக்கமே இல்ல." சாவியை நீட்டினார். "வெயிட்டிங் லிஸ்ட்லேருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரூம் முழுக்க உனக்குத்தான். நல்லா காலை நீட்டிப் படு."

இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு ஜன்னல். பெட்டியை எதிர்க் கட்டிலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தரையில் வைத்தேன்.

கைபேசியில் அந்த எண்ணுக்கு அவள் பெயரைப் போட்டுக்கொண்டேன். கூப்பிடவில்லை.